விளக்கு இல்லாத குரல்

பச்சை விளக்கு எரிந்தால் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்பது சட்டமாகி நாலு வருடம் ஆகியிருந்தது. அதற்குள் நாட்டில் பாதிப் பேர் கேள்வி கேட்கும் பழக்கத்தையே கைகழுவிவிட்டார்கள். பிரம்மசக்தி கைகழுவவில்லை. உப்பூரணி துணைமின் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்த அவளுக்கு வயது நாற்பத்தாறு. அவள் வாயிலிருந்து ஒரே தடவையில் "சரிங்க சார்" வாங்கிய அதிகாரி இன்னும் பிறக்கவில்லை என்று வாரியத்தில் சொல்லுவார்கள். அது கொஞ்சம் மிகைதான். இரண்டு பேர் வாங்கியிருக்கிறார்கள். இருவரும் இப்போது ஓய்வுபெற்றுவிட்டார்கள்.

அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. அதற்கு முந்திய சில வருடங்களில், ஒருவர் பேச்சை ஐந்து நிமிடம் கேட்டால் போதும், அதே குரலில் எதை வேண்டுமானாலும் பேசிக்காட்டுகிற மென்பொருள் கண்டவன் கையிலெல்லாம் கிடைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு துணிக்கடையில் 'இன்ஸ்பெக்டர் பேசுகிறேன்' என்று வந்த போனை நம்பி, மேலாளர் இரண்டு விற்பனைப் பெண்களைக் குடோனில் ஏழு மணி நேரம் பூட்டி வைத்தார். ஒரு நகராட்சியில் 'கமிஷனர்' சொன்னார் என்று அலுவலகமே மதிய வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஒரு அம்மாள் மயங்கி விழுந்த பிறகும் மற்றவர்கள் கையை இறக்கவில்லை. விசாரித்தபோது எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். மேலிடத்து உத்தரவு, நாங்கள் என்ன செய்ய?

இதற்கு மருந்தாக வந்ததுதான் குரல் விளக்கு. ஒவ்வொரு அதிகாரியும் சென்னைக்குப் போய் ஒரு கண்ணாடி அறையில் நாலு மணி நேரம் பேசிக் குரலைப் பதிந்துவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் போனில் பேசும்போது எதிர்முனையில் சுண்டைக்காய் அளவில் ஒரு விளக்கு பச்சையாக எரியும். அவர் குரலில் வேறு யாராவது பேசினால் சிவப்பு. பதிவே செய்யாதவர் பேசினால் விளக்கு அணைந்து கிடக்கும். இந்த விளக்கு ஒருநாளும் தப்புப் பண்ணியதில்லை. அந்தப் பெருமையில் அரசாங்கம் ஒரு படி மேலே போனது. பச்சை எரியும்போது சொன்னதைச் செய்தவர்மேல் எந்தப் பழியும் வராது, செய்யாதவர்மேல் எல்லாப் பழியும் வரும் என்று எழுதிவிட்டது. ஊழியர்களும் சந்தோஷமாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள். யோசிக்கிற வேலை மிச்சம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் மின்கம்பத்தில் ஏறுகிறவர்களுக்கு விளக்கைவிட வயதான ஒரு வழக்கம் இருந்தது. அதன் பெயர் எல்.சி., அதாவது லைன் கிளியர். லைனில் வேலை பார்க்கப் போகிற லைன்மேன் முதலில் ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "இன்ன ஃபீடருக்கு எல்.சி. குடுங்க" என்று கேட்பான். ஆபரேட்டர் அந்த ஃபீடர் கம்பிக்குப் போகிற மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கர் என்ற அதன் பெரிய சுவிட்சின்மேல் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்ற சிவப்புப் பலகையை மாட்டி, ஒரு எண் கொடுப்பாள். வேலை முடிந்து எல்லோரும் இறங்கியதும் அதே லைன்மேன், அதே எண்ணைச் சொல்லி, தன் வாயாலேயே அதைத் திருப்ப வேண்டும். வாங்கியவன்தான் திருப்ப வேண்டும். அவன் அதிகாரி திருப்ப முடியாது. அவன் கூட்டாளி திருப்ப முடியாது. அந்த இரண்டு போன் பேச்சுகளுக்கு நடுவே அவன் உயிர் ஆபரேட்டரின் கையில் இருக்கும்.

உப்பூரணியில் அப்படி அடிக்கடி எல்.சி. வாங்குகிறவன் லைன்மேன் சூசை. ஆறேழு வருடமாக அவன் பிரம்மசக்தியை "யக்கா" என்றுதான் கூப்பிட்டுவந்தான். கூடப்பிறந்தவன் இல்லாத அவளுக்கு அந்த "யக்கா" காதில் தேனாக இறங்கும். மத்தியானச் சாப்பாட்டில் ஒரு மீன் துண்டு அவனுக்கென்று தனியாக இருக்கும். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் இடுப்பில் பெல்ட் கட்டாமல் கம்பத்தில் ஏறியதை அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்ததை அப்படியே லாக் புக்கில் எழுதினாள். சூசைக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன், வரவேண்டிய பதவி உயர்வும் போனது.

"கூடவே வச்சு சோறு போட்டு கழுத்த அறுத்துட்டியள்லா" என்று நேரில் வந்து கத்திவிட்டுப் போனான்.

"உன் கழுத்து இருக்கணும்னுதாம்லே எழுதினேன்" என்று அவளும் கத்தினாள்.

அன்றோடு சரி. போனில் எல்.சி.க்கு வேண்டிய வார்த்தைகளைத் தவிர அவன் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசுவதில்லை. "யக்கா" போய் "ஆபரேட்டர்" வந்தது. அதையும் அவன் கடுகை வெடிக்கவிட்ட மாதிரித்தான் சொல்லுவான். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் தினமும் அந்தப் போன் வரும்போது, இன்றைக்காவது பழையபடி கூப்பிடுவானா என்று ஒரு நப்பாசை இருந்துகொண்டே இருந்தது. இதை அவள் யாரிடமும் சொல்லியதில்லை.

அந்தப் புரட்டாசி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு சூசை கூப்பிட்டான்.

"ஆபரேட்டர். நாலாம் நம்பர் ஃபீடர். எல்.சி. வேணும்."

"எத்தனை பேர்?"

"மூணு."

அவள் இருபத்திரண்டு கே.வி. பிரேக்கரை நிறுத்திச் சிவப்புப் பலகையை மாட்டிவிட்டு வந்தாள்.

"எல்.சி. நூத்திப் பதினேழு. மணி பத்து பத்து."

"நூத்திப் பதினேழு. பத்து பத்து." அவன் வைத்துவிட்டான்.

நாலாம் நம்பர் ஃபீடர் உப்பளங்களுக்கு நடுவே ஓடி கடற்கரை வரைக்கும் போவது. கடற்காற்றில் கம்பத்துப் பீங்கான்களில் உப்புப் பூத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்று மணி நேர வேலை. மூன்று பேரும் போனைக் கம்பத்தடியில் பையில் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள், அதுவும் விதி. பிரம்மசக்தி மீட்டர் அளவுகளைக் குறிக்க உட்கார்ந்தாள்.

பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. விளக்கு பச்சை. மேற்பார்வைப் பொறியாளர் நம்பிராஜன். வட்டாரத்தில் அவருக்கு மேல் 'சீஃப்' என்கிற தலைமைப் பொறியாளர்தான்.

"ஏம்மா பிரம்மசக்தி, நாலாம் நம்பர் ஃபீடரை உடனே சார்ஜ் பண்ணுங்க."

"அதுல எல்.சி. இருக்கு சார். சூசை லைன்ல நிக்கான்."

"தெரியும். எல்லாரும் இறங்கியாச்சு. கடல்தண்ணி ஆலைக்குப் பத்து நிமிஷத்துல கரண்டு போகலைன்னா உள்ள இருக்க சவ்வு பூராம் கெட்டுப் போயிருமாம். ஆறு மாசத்துக்கு ஊருக்குக் குடிதண்ணி கிடையாது. சீஃப் இன்னொரு லைன்ல காத்துக்கிட்டு இருக்காரு. போடுங்க."

"சூசை எடுத்த எல்.சி.ய சூசைதான் சார் திருப்பணும்."

"நான் சொல்லுதேன்லாம்மா? அங்க விளக்கு எரியுதா இல்லியா?"

"எரியுது."

"என்ன கலரு?"

"பச்சை."

"பொறவு என்ன?"

"விளக்கு உங்களுக்கு எரியுது சார். கம்பத்துல நிக்கவனுக்கு எரியலையே."

அந்தப் பக்கம் அவர் இன்னொரு போனில் சீஃபிடம் ஏதோ பேசுவது கேட்டது. நம்பிராஜன் நல்ல மனிதர். கோபம் வந்தால்கூட 'வாங்க போங்க' விட்டு இறங்காதவர். ஆனால் இப்போது அவர் குரலில் அவருக்கு மேலே இருந்தவரின் அவசரமும் சேர்ந்து ஏறியிருந்தது.

"சரி, சூசை வாயாலயே கேக்கணும், அவ்வளவுதான? ரெண்டு நிமிஷத்துல அவனே உங்களுக்குப் பேசுவான், சீஃப் சொல்லியாச்சு. பேசின மறு நிமிஷம் லைன்ல கரண்டு நிக்கணும். இல்லேன்னா நாளைக்கு அந்த நாற்காலியில நீங்க இருக்க மாட்டிய. சட்டம் தெரியும்லா?"

"தெரியும் சார்."

அவள் சூசையின் எண்ணைப் போட்டுப் பார்த்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கூட இருந்த இருவருடையதும் அப்படித்தான். இறங்கியிருந்தால் எடுக்க வேண்டுமே என்று அவள் நினைக்கும்போதே மேசைப் போன் அடித்தது. விளக்கு எரியவில்லை. லைன்மேன்களுக்கு யாரும் குரல் பதிந்ததில்லை என்பதால் அவர்கள் கூப்பிட்டால் எப்போதும் எரியாது.

"யக்கா, சூசை பேசுதேன்."

பிரம்மசக்தி எழுந்து நின்றுவிட்டாள். ஏன் எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"நாலாம் நம்பர் ஃபீடர், எல்.சி. நூத்திப் பதினேழு. ஆளு, சாமான், எர்த்து எல்லாம் எடுத்தாச்சு. எல்.சி. ரிட்டர்ன். சார்ஜ் பண்ணிக்கிடுங்க யக்கா."

அவன் குரலேதான். சின்ன வயதில் மூக்கு உடைந்ததால் வருகிற அந்த அடைப்பு, பின்னால் உப்பளக் காற்றின் இரைச்சல், எண், வார்த்தைகளின் வரிசை, ஒன்றிலும் குறையில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்த "யக்கா". எட்டு மாதம். கை தானாகச் சிவப்புப் பலகையைக் கழற்ற நீண்டது. கழற்றிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினால் வேலை முடிந்தது. சார் திட்டமாட்டார், சூசையும் பழைய சூசையாகிவிட்டான், ஊருக்குத் தண்ணீரும் கிடைக்கும். இதைவிட நல்ல நாள் எங்கே வரப்போகிறது?

ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. சந்தேகப்பட்டுக் கேட்டாளா, இன்னும் ரெண்டு வார்த்தை அவன் குரலைக் கேட்கிற ஆசையில் கேட்டாளா என்று பின்னால் அவளிடம் பலர் கேட்டார்கள். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஏல சூசை, போன ஞாயித்துக்கெழமை ஓலைக்கொழுக்கட்டை குடுத்துவிட்டனே, வீட்ல பிடிச்சுதா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு யக்கா. பிள்ளைய எல்லாம் போட்டி போட்டுத் தின்னுச்சு."

பிரம்மசக்தியின் கை பலகையிலேயே நின்றது. எட்டு மாதமாக அவள் அடுப்பிலிருந்து சூசை வீட்டுக்கு ஒரு உப்புக்கல்கூடப் போனதில்லை. போட்டி போட்டுத் தின்ன அவனுக்கு நாலைந்து பிள்ளைகளும் இல்லை, ஒரே மகள்தான். சூசையாக இருந்தால், "எந்தக் கொழுக்கட்டை?" என்று வள்ளென்று விழுந்திருப்பான்.

அவள் குரலை மாற்றாமல் சொன்னாள்: "சரிய்யா. நீ போனை வையி. நான் சார்ஜ் பண்ணிட்டுச் சொல்லுதேன்."

வைத்த கையோடு மூன்று வேலை செய்தாள். வட்டக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து பிரேக்கரை இயக்க முடியாதபடி சுவிட்சை 'லோக்கல்' பக்கம் திருப்பினாள். சக்கரம் வைத்த பிரேக்கர் வண்டியையே கம்பித் தொடர்பு விட்டுப்போகும்படி முழுசாக வெளியே இழுத்துப் பூட்டினாள். பூட்டின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். உப்பளத்தில், வெயிலில், இடுப்பில் பெல்ட்டோடு கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒருவனை இன்னும் ஒரு விரல் அசைவில் கரிக்கட்டையாக்கியிருப்பாள்.

போன் மறுபடியும் அடித்தது. பச்சை.

"என்னம்மா, சூசை பேசினானா?"

"பேசினான். ஆனா அது சூசை இல்ல."

"என்னது?"

சூசையின் குரலையே களவாண்டவனுக்கு இந்த விளக்கு எம்மாத்திரம்? பிரம்மசக்தியின் மனசில் எல்லாம் பளிச்சென்று பொருந்தியது. ஒரே ஆள்தான், இரண்டு குரல். எட்டு மாத ஏக்கத்தை வைத்து விளையாடிவிட்டானே என்ற ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

"நீயும் நம்பிராஜன் சார் இல்ல. ஏலே, எந்த ஊர்க்காரம்லே நீ? தங்கமான மனுசன் குரல்ல கொலை பண்ணச் சொல்லுதியே, நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கியா? சாவி என் இடுப்புல இருக்கு. தைரியம் இருந்தா நேர்ல வந்து எடு. போலே, போ!"

வைத்துவிட்டாள். அதன் பிறகு போன் ஒன்பது தடவை அடித்தது. ஒன்பது தடவையும் பச்சை. அவள் எடுக்கவில்லை. ஷிப்டில் ஒற்றை ஆளாக இருந்ததால் ஐந்து கிலோமீட்டர் தள்ளி நிற்கிற சூசையிடம் ஆள் அனுப்பவும் வழியில்லை. நாற்காலியைப் பிரேக்கருக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். பலமுறை இடுப்பைத் தொட்டுச் சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். தப்புப் பண்ணிவிட்டோமோ என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவன் நன்றாக இருக்க வேண்டுமே என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்று ஐந்துக்கு ஒரு போன் வந்தது. விளக்கு எரியவில்லை.

"ஆபரேட்டர்."

கடுகு வெடித்தது.

"நாலாம் நம்பர் ஃபீடர். எல்.சி. நூத்திப் பதினேழு. ஆளு, சாமான், எர்த்து எல்லாம் எடுத்தாச்சு. ரிட்டர்ன்."

பிரம்மசக்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒருவன் தன்மேல் வைத்திருக்கிற வெறுப்பைக் கேட்டு இப்படி சந்தோஷப்பட்டு அழுதவள் இந்த மாவட்டத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

"லைன்ல இருக்கியளா இல்லியா? திருப்பிச் சொல்லுங்க. வெயில்ல நிக்கோம்" என்றான் சூசை.

அவள் திருப்பிச் சொன்னாள். எண்ணைச் சொல்லும்போது குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் கழித்து வட்ட அலுவலகத்தில் விசாரணை. அவளுக்கு வந்த மெமோவில் இரண்டு குற்றச்சாட்டு இருந்தது. ஒன்று, பச்சை விளக்கு எரியும் நிலையில் மேலதிகாரியின் உத்தரவை மறுத்தது. இரண்டு, மேற்படி மேலதிகாரியை 'போலே' என்று விளித்தது. விசாரணை அதிகாரி மெகருன்னிசா சென்னையிலிருந்து வந்திருந்தார். ஒடிசலான பெண்மணி. கண்ணாடிக்கு மேலால் பார்த்துப் பேசுகிற வழக்கம். ஓரத்து நாற்காலியில் நம்பிராஜன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"பச்சை எரிஞ்சும் நீங்க நம்பல. ஏன்?" என்றார் மெகருன்னிசா.

"விளக்கை ஏமாத்திட்டான்னு நெனச்சேன் மேடம்."

"யாரும் ஏமாத்தல. விளக்கு சரியாத்தான் எரிஞ்சுது. உங்ககிட்டப் பேசினது நம்பிராஜனேதான்."

பிரம்மசக்திக்கு முகம் வெளுத்தது. ஓரக்கண்ணால் நம்பிராஜனைப் பார்த்தாள். சோற்றில் உப்பு போட்டுத் தின்கிறாயா என்று கேட்டது காதுக்குள் மறுபடி ஒலித்தது.

"சாரேதானா?"

"அவரேதான். அவருக்குச் சொன்னது சீஃப். அங்கேயும் பச்சை. அதுவும் நிஜம்தான். சீஃபுக்கு அமைச்சரே பேசுறதா ஒரு போன் வந்திருக்கு. கடல்நீர் ஆலை, பத்து நிமிஷம், ஆட்கள் இறங்கிட்டாங்கன்னு மொத்தக் கதையும் அங்கதான் ஆரம்பிச்சுது. அந்தப் போன்தான் போலி. சூசையையே பேச வைக்கிறேன்னு சொன்னதும் அதுல பேசினவன்தான்."

"அப்ப அங்க சிவப்பு எரிஞ்சிருக்குமே மேடம்?"

மெகருன்னிசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அமைச்சர் குரலைப் பதியவே இல்லம்மா. ஐயா, சென்னை வந்து நாலு மணி நேரம் பேசுங்க, நீங்கதானான்னு சோதிக்கணும்னு அவர்கிட்டப் போய் யார் சொல்றது? ஃபைல் மூணு வருஷமா மேசை மேசையா சுத்துது. சீஃப் மேசையில அன்னைக்கு விளக்கு எரியவேயில்ல. எரியலையேன்னு அவரும் கேக்கல. அவர் சொன்ன மாத்திரத்துல கீழ வரிசையா எல்லாம் பச்சை."

"சூசைக்கும் விளக்கு இல்ல."

"லைன்மேனுக்கெல்லாம் எதுக்குன்னு பட்ஜெட்ல எடுத்துட்டாங்க."

"நல்ல விளக்கு மேடம். மேல இருக்கவரைச் சோதிக்கப் பயம், கீழ இருக்கவனைச் சோதிக்க மனசில்ல" என்றாள் பிரம்மசக்தி. "அவனும் சரியா அந்த ரெண்டு ஓட்டையிலயும் நுழைஞ்சிருக்கான்."

மெகருன்னிசா அதை எழுதிக்கொண்டார். ஆளைப் பிடித்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார். வேறு மாநிலத்தில் ஒரு அடுக்ககத்தில் தனியாக இருந்தவன். மின் நிலையத்துப் போன் பேச்சுகள் பயிற்சிக்காகச் சேர்த்து வைத்திருந்த ஒரு பழைய தொகுப்பு எப்படியோ வெளியே கசிந்து அவன் கையில் கிடைத்திருக்கிறது. போன வருடத்துப் பேச்சுகள். அதிலிருந்துதான் சூசையின் குரலையும், அவன் வாயில் வருகிற "யக்கா"வையும் படித்திருக்கிறான். அன்றைக்கு எல்.சி. எண்ணை வட்ட அலுவலகத்துக் கணினியில் திருட்டுத்தனமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டான். அந்த இரண்டு பேரும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்பதை மட்டும் எந்தத் தொகுப்பும் அவனுக்குச் சொல்லவில்லை.

"எதுக்காகப் பண்ணினானாம்? எவனும் துட்டுக் குடுத்தானா?"

"அதெல்லாம் இல்ல. அவன் கம்ப்யூட்டர்ல முன்னூத்திப் பன்னிரண்டு பதிவு இருந்துது. எல்லாத்துலயும் யாராவது ஒருத்தர் 'சரிங்க சார்' சொல்றது மட்டும் வெட்டித் தனியா வச்சிருக்கான். சாயங்காலம் போட்டுக் கேப்பானாம்." அவர் ஃபைலில் ஒரு தாளைப் புரட்டினார். "வாக்குமூலத்துல என்ன சொல்லியிருக்கான் தெரியுமா? நான் யாரையும் தொடக்கூட இல்ல, எல்லாம் அவங்களாத்தான் செஞ்சாங்கன்னு."

அப்போது நம்பிராஜன் எழுந்தார்.

"மேடம், இந்த ரெண்டாவது குற்றச்சாட்டை நான் குடுக்கல, ஆபீஸ்ல தானா போட்டுட்டாங்க. தயவுசெஞ்சு எடுத்திருங்க." பிரம்மசக்தி பக்கம் திரும்பினார். "இந்தம்மா அன்னைக்குச் சாவியை எடுத்து வைக்கலைன்னா, மறுநாள் மாலையும் கையுமா நான் சூசை வீட்டு வாசல்ல நின்னுருப்பேன். சட்டப்படி என் மேல ஒரு பழியும் வந்துருக்காது. அதை நெனச்சா ராத்திரி தூக்கம் வரலம்மா. சீஃப் சொன்னாரு, பச்சை எரிஞ்சுது. சூசை எங்க இருக்கான்னு ஒரு போன் போட்டுக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாத்தியளா?"

"நான் உங்களப் பேசினதுக்கு மன்னிக்கணும் சார்."

"நீங்க பேசுனதுல ஒரு வார்த்தை தப்பில்லம்மா" என்றார் அவர்.

அடுத்த மாதம் பிரம்மசக்திக்கு ஒரே தேதியில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று பாராட்டுக் கடிதம்: விழிப்புணர்வுடன் செயல்பட்டு மூன்று உயிர்களைக் காத்தமைக்கு. மற்றது எச்சரிக்கைக் கடிதம்: செல்லத்தக்க பச்சை உத்தரவை மீறியமைக்கு. இரண்டிலும் கையெழுத்து ஒரே ஆள். உண்மையான அதிகாரி தப்பான உத்தரவு போட்டால் என்ன செய்வது என்று சட்டத்தில் ஒரு வரிகூட இல்லாததால் வாரியத்துக்கு வேறு வழி தெரியவில்லை. பாராட்டை அவள் பீரோவில் போட்டாள். எச்சரிக்கைக்குக் கண்ணாடி போட்டு, மின் நிலையத்தில் பிரேக்கருக்கு நேர் எதிரே ஆணி அடித்து மாட்டினாள். பார்க்க வந்த அதிகாரி ஒருவர் இது என்னம்மா கோலம் என்று கேட்டதற்கு, "எனக்குக் கெடைச்ச பெரிய மெடலு சார்" என்றாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் சூசை அவள் வீட்டுக்கு வந்தான். மனைவியும், பத்து வயது மகளும் கூட. சூசை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றான்.

"மகளுக்கு அடுத்த ஞாயிறு புதுநன்மை, மொத மொத நற்கருணை வாங்குதா. கோயில்ல பூசை, பொறவு வீட்ல விருந்து. நீங்க வரணும்." ஒரு நிமிடம் தரையைப் பார்த்தான். "நீங்க வராம பந்தி போட மாட்டேன் யக்கா."

பிரம்மசக்தி உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு தூக்குவாளி இருந்தது. ஓலைக்கொழுக்கட்டை. முந்தின நாளே அவித்து வைத்திருந்தாள். வருவான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், அல்லது தினமும் அவித்துக்கொண்டிருந்தாளோ என்னவோ.

"அன்னைக்கு அவன் தின்னதாச் சொன்ன கொழுக்கட்டை. இந்தா, நெசமாவே தின்னு."

சூசை சிரிக்கப் பார்த்து முடியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பெல்ட் விசயத்துல நீங்க செஞ்சதுதான் சரி யக்கா. எனக்கு அப்பவே தெரியும். ரோசத்துல ஒத்துக்கிட முடியல."

"அது கெடக்கட்டும். இப்ப நான் சொல்லுததக் கேளு. நேர்ல எத்தனை தடவ வேணும்னாலும் யக்கான்னு கூப்பிடு. போன்ல ஒரு தடவ கூப்பிட்ட, தொலைச்சிருவேன்."

"அப்ப போன்ல எப்பிடிக் கூப்பிட?"

"எட்டு மாசமாக் கூப்பிட்டியே அப்பிடித்தான். நல்லா மொறைச்சுக்கிட்டு."

சூசைக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "வேற எவனாவது அதையும் கத்துக்கிட்டான்னா?"

"கத்துக்கிடட்டும். அதுக்குள்ள நாம வேற சண்டை போட்டுருவோம்" என்றாள் பிரம்மசக்தி.

புதுநன்மை விருந்தில் அவள் இரண்டு கரண்டி பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள். சூசை பந்திக்குப் பந்தி "யக்காவுக்கு வையி, யக்காவுக்கு வையி" என்று கத்திக்கொண்டிருந்தான். வெள்ளைக் கவுனும் தலையில் பூக்கிரீடமுமாகச் சின்னவள் அவள் மடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை பத்து மணிக்கு மூன்றாம் நம்பர் ஃபீடருக்கு எல்.சி. போனது. ஒன்று பத்துக்கு மேசைப் போன் அடித்தது. விளக்கு எரியவில்லை.

"ஆபரேட்டர். மூணாம் நம்பர் ஃபீடர். எல்.சி. நூத்தி நாப்பத்தி ரெண்டு. ஆளு, சாமான், எர்த்து எல்லாம் எடுத்தாச்சு. ரிட்டர்ன்."

முந்தின நாள் பந்தியில் "யக்காவுக்கு வையி" என்று கத்திய வாய்தான் இது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு காரம். சொல்லுக்குச் சொல் முறைப்பு. பிரம்மசக்திக்கு உதடு துடித்தது, அடக்கிக்கொண்டாள். ஒரு வார்த்தை இனிப்பாகச் சொல்ல ஆசை கழுத்து வரைக்கும் வந்தது, அதையும் விழுங்கினாள்.

"மூணாம் நம்பர் ஃபீடர். நூத்தி நாப்பத்தி ரெண்டு. மணி ஒண்ணு பத்து. போனை வைக்கலாம்" என்றாள், அதே விறைப்போடு.

அவன் வைத்தான். அவள் ரிசீவரை உடனே வைக்காமல் சற்று நேரம் கையிலேயே பிடித்திருந்தாள். பிறகு அதைத் தாங்கியில் அழுத்தி வைத்து, இணைப்பு அறுந்துவிட்டதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, எரியாத அந்தச் சின்ன விளக்கிடம் மெதுவாகச் சொன்னாள்:

"பாத்து வீட்டுக்குப் போலே, தம்பி."